நடக்கும் பாறையே நீந்தும் பாறை: செர்பேர்–பன்யூல்ஸ் கடல் காப்பகம்

பிரான்ஸும் ஸ்பெயினும் மத்தியதரைக் கடலோரத்தில் சந்திக்கும் மூலையில் பிரெனே (பைரனீஸ்) மலைத்தொடர் முடிகிறது. முடிகிறது என்பதுகூடச் சரியில்லை. அல்பேர் எனப்படும் அதன் கடைசிக் கிளை, திராட்சைத் தோட்டங்களைச் சுமந்துகொண்டு சரிந்து வந்து, கரையில் நிற்காமல் அதே சாய்வில் நீருக்குள் இறங்கிவிடுகிறது. கோட் வெர்மெய், அதாவது செந்நிறக் கரை என்று பெயர் பெற்ற இந்தப் பகுதியில், பன்யூல்ஸ் சுர் மேர் என்ற சிற்றூருக்கும் எல்லையூரான செர்பேருக்கும் இடையில் இருக்கிறது பிரான்ஸின் முதல் கடல் இயற்கைக் காப்பகம்.

இங்கே வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. நடைப்பயணிகள் கரைப் பாதையில் நடந்து, கடலைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மூழ்குபவர்கள் படகில் வந்து, குதித்து, ஏறி, போய்விடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் பாதிதான் கிடைக்கிறது. நீருக்குள் எங்கே என்ன இருக்கும், கடல் இன்று எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான குறிப்புகள் கரைப் பாறையிலேயே எழுதியிருக்கின்றன. முதலில் நடந்து அதைப் படித்துவிட்டு, பிறகு நீரில் இறங்குவதே இந்த இடத்துக்குப் பொருந்தும் வரிசை.

எதற்காக இந்தக் காப்பகம்

பன்யூல்ஸ் துறைமுகத்தை ஒட்டி அராகோ ஆய்வகம் இருக்கிறது. விலங்கியலாளர் ஆன்ரி த லகாஸ் துத்தியே 1880களின் தொடக்கத்தில் நிறுவியது. அப்போதிருந்தே இந்தக் கரையின் உயிரினங்களை ஆய்வாளர்கள் எண்ணியும் வரைந்தும் பதிந்தும் வந்திருக்கிறார்கள். ஒரு கடலோரத்தில் முன்பு என்ன இருந்தது என்ற கணக்கு கையில் இருந்தால்தான், இப்போது என்ன குறைந்தது என்று சொல்ல முடியும். 1960களில் கடலோரச் சுற்றுலா பெருகியது. முகக்கண்ணாடியும் அம்புத் துப்பாக்கியும் கடையில் வாங்கும் பொருளாயின. பெரிய மீன்கள் பாறைகளிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. 1974 பிப்ரவரி 26 அன்று காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1977 முதல் பிரெனே ஓரியந்தால் மாவட்ட நிர்வாகம் இதைப் பராமரிக்கிறது.

பரப்பு 650 ஹெக்டேர். கரை நீளம் சுமார் ஆறரை கிலோமீட்டர். இதில் ஒரு சதுர அடிகூட நிலம் இல்லை. காப்பகம் நீர்க்கோட்டில்தான் தொடங்குகிறது. மேலே நடக்கும் பாதையும் திராட்சைத் தோட்டமும் வேறு சட்டங்களுக்கு உட்பட்டவை.

650 ஹெக்டேருக்குள் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு உண்டு. பெரும்பகுதியில் நீந்தலாம், மூழ்கலாம், படகு ஓட்டலாம். சிறு படகு மீனவர்கள் வலை போட்டுத் தொழில் செய்கிறார்கள். பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அம்பெறிந்து மீன் பிடிக்க எங்கும் தடை. கேப் ரெதெரிஸ் என்ற முனையைச் சுற்றியுள்ள 65 ஹெக்டேரில் சட்டம் இன்னும் இறுகுகிறது: மீன்பிடி இல்லை, மூழ்குதல் இல்லை, நங்கூரம் இல்லை. மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் மற்ற ஒன்பது பங்கும் அதை நம்பியே வாழ்கிறது.

ஏன் என்பதற்கு ஒரே மீனைப் பார்த்தால் போதும். இங்கே மெரு என்று அழைக்கும் பழுப்புக் களவா. இது பெண்ணாகவே வளர்ந்து, ஐந்து வயதை ஒட்டி முட்டையிடத் தொடங்குகிறது. பத்து வயதைத் தாண்டிய பிறகுதான் சில மீன்கள் ஆணாக மாறுகின்றன. ஆக, பெரிய மீன்தான் ஆண். வேட்டைக்காரர் தேடுவதும் பெரிய மீனைத்தான். நூறு களவாக்கள் இருக்கும் பாறையில் மிகப் பெரிய பத்தை எடுத்துவிட்டால், தொண்ணூறு மிச்சம் என்று கணக்குச் சொல்லும். இனப்பெருக்கம் ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். அதோடு இந்த மீன் ஒரு பாறைப் பொந்தைத் தன் வீடாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். தெரிந்தவன் திரும்பி வந்து பிடிக்கலாம். ஆனால் அதே வீட்டுப்பற்றுதான் சிறிய காப்பகமும் இதைக் காக்க உதவுகிறது. கடல் முழுக்கத் திரியும் சூரைக்கு 65 ஹெக்டேர் ஒன்றுமே இல்லை. களவாவுக்கு அது ஓர் ஊர். பிரான்ஸின் மத்தியதரைக் கரையில் 1993 முதல் களவா வேட்டைக்குத் தடை இருந்து, தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இரண்டும் சேர்ந்துதான் இன்று கேப் லாபேய் முனைப் பாறைகளில் மூழ்குபவர்கள் ஒரு மீட்டர் நீளக் களவாவை எதிரெதிராகப் பார்க்க முடிகிறது. 2014இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் நன்கு நிர்வகிக்கப்படும் காப்பகங்களின் பசுமைப் பட்டியலை முதன்முறை வெளியிட்டபோது இந்த இடமும் அதில் இருந்தது.

காற்றைக் கேட்காமல் கால் வைக்க வேண்டாம்

இந்தக் கரையில் திட்டத்தை முடிவு செய்வது காற்று. வடமேற்கிலிருந்து மலைக்கு மேலாக வரும் ட்ராமோன்தான் வறண்டது, பலமானது, நாள்கணக்கில் வீசக்கூடியது. கிழக்கிலிருந்து ஈரத்தோடு வருவது மரினாட். இரண்டும் கடலை நேர்மாறாக மாற்றுகின்றன.

மரினாட் வீசினால் கடல் யாரையும் ஏமாற்றாது. அலை நேராகக் கரைக்கு வரும், மணல் கலங்கும், நீர் பால் கலந்ததுபோல் ஆகும். பார்த்த உடனே தெரியும், யாரும் இறங்க மாட்டார்கள். காற்று அடங்கியபின் நீர் தெளிய ஓரிரு நாள் ஆகும்.

ஆபத்து ட்ராமோன்தானில்தான். அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. குன்று காற்றை மறைப்பதால் கரையோர நீர் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாக இருக்கும், தெளிவாகவும் இருக்கும். நீந்துபவர் முகத்தைக் கீழே வைத்துக்கொண்டு மீன்களைப் பின்தொடர்ந்து போவார். நூறு நூற்றைம்பது மீட்டர் போனதும் குன்றின் மறைவு முடிந்து, முதுகில் காற்று பிடிக்கத் தொடங்கும். போவது சுலபமாக இருப்பதால் அவருக்கு அது தெரியாது. திரும்பும்போதுதான் எதிரே சிற்றலைகள் மூச்சுக்குழாய்க்குள் நீரை அடிக்கின்றன என்பது தெரியும். வழி ஒன்றுதான்: முதல் பாதியை எப்போதும் காற்றுக்கு எதிராக நீந்த வேண்டும். காற்று கடலை நோக்கி வீசும் நாளில் கரைக்கு இணையாக, பாறையிலிருந்து இருபது மீட்டருக்குள் இருக்க வேண்டும். நடுநடுவே தலையைத் தூக்கிக் கரையில் ஓர் அடையாளத்தைப் பார்த்துக்கொள்வது பழக்கமாகிவிட வேண்டும்.

ட்ராமோன்தானுக்கு இன்னொரு குணம் உண்டு. மேற்பரப்பின் சூடான நீரை அது அப்பால் தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து இடத்தை நிரப்புகிறது. ஆகஸ்ட் நடுவில் 23 பாகையாக இருந்த நீர் ஓரிரு நாளில் பல பாகை இறங்கிவிடும். வெயில் கொளுத்துகிறதே என்று வெறும் நீச்சலுடையில் இறங்குபவர் பத்து நிமிடத்தில் நடுங்குவார். கோடையிலும் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள, குளிர் தாங்கும் ரப்பர் நீச்சலுடை ஒன்று பையில் இருப்பது நல்லது. ஜூனிலும் அக்டோபரிலும் 5 மில்லிமீட்டர் வேண்டும்.

பாதையில் படிக்க வேண்டியவை

கரைப் பாதை பன்யூல்ஸிலிருந்து தெற்கே செல்கிறது. இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் இருப்பதால் ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிக்கலாம். அரை நாள் நடை. மொத்த உயரம் பெரிதல்ல, ஆனால் ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கி மறுபடி ஏற வேண்டியிருப்பதால் முழங்கால் கணக்கு வேறாக இருக்கும். நிழல் கிடையாது, குடிநீருக்கும் வழியில் நம்பிக்கை வைக்க முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமக்க வேண்டும். பாறை ஷிஸ்ட் வகை, புத்தக ஏடுகள்போல் பிளப்பது. காய்ந்த ஏடு காலுக்குக் கீழே நழுவும். ஈரமான ஏடு வழுக்கும். கடற்கரைச் செருப்பில் வந்து கணுக்கால் பிசகிக்கொள்பவர்கள் அதிகம். விரல் மூடிய, அடியில் பிடிப்புள்ள காலணி போதும், கனமான மலைக்காலணி தேவையில்லை.

திராட்சைத் தோட்டங்களில் குறுக்கு வழி போகக் கூடாது. மண்ணைப் பிடித்து நிற்கும் தடுப்புச் சுவர்கள் சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவுமில்லாமல் ஷிஸ்ட் கற்களை அடுக்கிக் கட்டியவை. நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கல் வாய்க்கால்கள், இங்கே அகூய் என்பவை, திடீர் மழை நீரை மண்ணை அரிக்காமல் கீழே கொண்டுபோகின்றன. ஒரு கல் பெயர்ந்தால் அடுத்த பெருமழையில் அந்த இடத்தில் சுவர் உடையும், மண் கடலுக்குப் போகும், கீழே கடற்புல் மீது படியும். மேலே தோட்டக்காரர் செய்யும் பராமரிப்பு இப்படித்தான் கீழே காப்பகத்தையும் தொடுகிறது. தீயும் அப்படியே. 2023 ஏப்ரலில் இந்த இரு ஊர்களுக்கிடையே பலத்த ட்ராமோன்தானில் ஏறக்குறைய ஆயிரம் ஹெக்டேர் எரிந்தது. கோடையில் காற்றடிக்கும் நாள்களில் மலைப் பகுதிகளுக்குள் செல்ல நிர்வாகம் தடை போடுவதுண்டு. காலையில் அதைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

இப்போது பாறையைப் பார்க்கலாம். ஏதாவது ஒரு குடாவில், நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே நின்று பாறையை மேலிருந்து கீழாகக் கவனியுங்கள். முதலில் செடிகள் முடியும் இடம். கடைசியாக நிற்பது தடித்த சதைப்பற்றுள்ள இலை கொண்ட கடல் பெருஞ்சீரகம். கசக்கினால் சீரக வாசம் வரும். அதன் அருகே உருண்டையான இளஞ்சிவப்புப் பூக்களோடு மெத்தைபோல் ஒட்டிக்கிடப்பது ரூசிலோன் ஆர்மீரியா. இந்தக் கரையோரத்துக்கே உரிய செடி இது, மிதிக்கத் தாங்காது. அதற்குக் கீழே, தார் பூசியதுபோல் ஒரு கருப்புப் பட்டை. தார் இல்லை, உப்புத் தூறல் மட்டும் படும் உயரத்தில் வாழும் பாறைப்பூஞ்சையும் நீலப்பச்சை நுண்பாசியும். இந்தப் பட்டை எவ்வளவு அகலமோ, அவ்வளவு உயரத்துக்கு அங்கே அலை தெறிக்கிறது. ஓரடி இருந்தால் அடைக்கலமான மூலை. ஆள் உயரத்துக்கு இருந்தால், இன்று கடல் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் அந்த இடத்தில் இறங்கவோ ஏறவோ திட்டமிட வேண்டாம். வானிலை முன்னறிவிப்பு இன்றைக்குச் சொல்வதை, கருப்புப் பட்டை பல வருடங்களுக்குச் சொல்கிறது.

கருப்புக்குக் கீழே சாம்பல் நிறக் கொட்டலசுகள். அதற்கும் கீழே, நீர் தொட்டுத் தொட்டு விலகும் கோட்டில், சில இடங்களில் பாறையிலிருந்து வெளியே நீட்டிய வெளிறிய விளிம்பு ஒன்று தெரியும். தாழ்வாரம்போல் இருக்கும். அது கல் அல்ல. லித்தோஃபில்லம் என்ற சுண்ணாம்புப் பாசி, தன் முந்தைய தலைமுறைகளின் மேல் தானே வளர்ந்து கட்டியது. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகச் சிறிது, சில பத்து சென்டிமீட்டருக்குள்தான். காற்றழுத்தம் ஏறி இறங்குவதால் வரும் மாற்றம்கூட அதற்கு ஈடாக இருக்கும். நீர்மட்டம் இப்படி ஓரிடத்திலேயே நிற்பதால்தான் பாசியும் ஓரிடத்திலேயே நூற்றாண்டுகளாகக் கட்ட முடிகிறது. உள்ளே பொந்தும் துளையுமாக இருக்கும்; புழுக்களும் சிறு நண்டுகளும் சிப்பிகளும் குடியிருக்கும். மேலே நடந்துபோக வசதியாகத் தெரிவதுதான் அதன் துரதிர்ஷ்டம். ஒருவர் எடையில் நொறுங்கிய விளிம்பு அவர் ஆயுளில் மீண்டும் வளராது. நீருக்குள் இறங்குவதும் ஏறுவதும் மணல் அல்லது கூழாங்கல் கரை வழியாக மட்டுமே என்ற விதியை இதற்காகவே மனதில் வைக்க வேண்டும்.

மேட்டில் ஏறியதும் கடலைக் கீழ்நோக்கிப் பாருங்கள். சூரியன் உயர்ந்த பின், நீரின் கண்கூச்சத்தை வடிகட்டும் முனைப்படுத்திய (போலரைஸ்டு) கண்ணாடி அணிந்து பார்த்தால் அடித்தளம் வரைபடமாகவே விரியும். வெளிர் பச்சை என்றால் மணல். கரும் திட்டு, ஓரம் கூர்மையாக, கரைப்பாறையின் மடிப்பைத் தொடர்ந்து போனால் அது பாறை. ஓரம் மேகம்போல் வளைந்து, நடுவே வெள்ளைத் துளைகளோடு இருந்தால் கடற்புல். கரையில் ஏடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அதே சாய்வு நீருக்குள்ளும் தொடரும். ஒரு பக்கம் படிக்கட்டுபோல் தட்டுகளும், எதிர்ப்பக்கம் குடைவுகளுமாக இருக்கும். மீன்கள் தங்குவது குடைவுப் பக்கம். எந்தப் பக்கமாக நீந்த வேண்டும் என்பதை இங்கிருந்தே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கேப் ரெதெரிஸ் முனையில் பாதை உயர்ந்து, அந்த 65 ஹெக்டேரும் காலடியில் கிடக்கும். அதை அனுபவிக்க நமக்குக் கிடைக்கும் ஒரே இடம் இந்த மேடுதான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கத் தகுந்தது.

பெய்ரஃபித் குடா: முகத்தைக் கீழே வைத்து

ரெதெரிஸுக்குத் தெற்கே பெய்ரஃபித் என்ற சிறு குடா. கூழாங்கல் கரை. கோடையில் இங்கே நீரடிப் பாதை ஒன்று அமைக்கிறார்கள்: கரையிலிருந்து தொடங்கி சுமார் 250 மீட்டர், ஐந்து மிதவைகள், ஒவ்வொன்றின் கீழும் அந்த இடத்து வாழ்விடத்தை விளக்கும் பலகை. ஆழம் ஐந்து மீட்டருக்குள். கட்டணம் இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காப்பகப் பணியாளர்கள் கரையில் இருப்பார்கள்.

கருவி எளியது, ஆனால் கெடுவதும் அதில்தான். முகக்கண்ணாடியை வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தும் ஒட்டி நின்றால் அளவு சரி. வாரை இறுக்கினால் நீர் நிற்கும் என்பது தவறான எண்ணம். இறுக்கம் ரப்பர் ஓரத்தை நெளித்து நீரை உள்ளே விடுகிறது. பெரும்பாலும் காரணம் ஓரத்தில் மாட்டிய தலைமுடி அல்லது மீசை. புதிய கண்ணாடி பனிபோல் மூடிக்கொண்டால், உள்பக்கம் உற்பத்தியின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கிறது என்று பொருள். பற்பசை தேய்த்து இரண்டு மூன்று முறை கழுவினால் போகும். மூச்சுக்குழாயில் மெதுவாக, ஆழமாக மூச்சு விட வேண்டும். பதற்றத்தில் சிறு சிறு மூச்சாக விட்டால் குழாயிலுள்ள பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுப்பீர்கள். தலை கனக்கும், மேலும் பதற்றம் வரும். அப்போது தலையைத் தூக்கி, முதுகில் மிதந்து, நான்கைந்து முறை நல்ல காற்றை இழுத்து விட்டால் சரியாகும்.

கீழே இரண்டு மூன்று மீட்டர் மூழ்கிப் பார்க்க விரும்புபவர், காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறக்க வேண்டும். வலித்த பிறகு ஊதினால் திறக்காது, மேலே வந்துவிட வேண்டும். மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பல மூச்சு இழுத்துவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. அதனால் உயிர்வளி (ஆக்சிஜன்) கூடுவதில்லை. மூச்சு விடச் சொல்லி எச்சரிக்கும் கரிவளிதான் (கார்பன் டை ஆக்சைடு) குறைகிறது. எச்சரிக்கை வராமலே மயக்கம் வரும்.

நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். முழ நீள மீன் கண்டேன் என்றால் முக்கால் முழம் என்று எழுதிக்கொள்ளலாம்.

குடாவின் நடுவே விரியும் பச்சைதான் பொசிடோனியா. இது பாசி இல்லை. வேர், தண்டு, பூ, காய் எல்லாம் உள்ள புல். பாக் நீரிணை மீனவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புற்களுக்கு உறவு, மத்தியதரைக் கடலுக்கே உரியது. ஒரு கற்றையை அருகில் பாருங்கள். விரல் அகல இலைகள், ஒரு மீட்டர் வரை நீளும். நடுவிலுள்ள இளம் இலை வழவழப்பாகப் பளிச்சென்று பச்சை. ஓரத்து முதிய இலை பழுப்பேறி, நுனியில் வெள்ளைப் பொரியாகப் படிந்திருக்கும். அந்தப் பொரி சுண்ணாம்புப் பாசியும், வலைப்பின்னல்போல் படரும் நுண்ணிய பாசிவிலங்குகளும். நுனி சுத்தமாகக் கத்தரித்ததுபோல் இருந்தால் சலேமா மீன் மேய்ந்திருக்கிறது. வெள்ளி உடலில் தங்கக் கோடுகள் ஓடும் அந்த மீன் ஆட்டு மந்தைபோல் கூட்டமாக வந்து, தலை கவிழ்ந்து, எல்லாம் ஒரே நேரத்தில் கடிக்கும். அமைதியான நாளில் அந்தச் சத்தம் நீருக்குள் கேட்கும்.

இலை மேலே வாழ, தண்டும் வேரும் மணலைப் பிடித்து, பழையதன் மேல் புதியது ஏறி, கீழே தடித்த மெத்தை ஒன்று உருவாகிறது. கிடைத்தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நீளும். நங்கூரம் ஒன்று இழுபட்டால் சில நொடியில் கிழித்துச் செல்லும் பள்ளத்தை மூட பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் அலை ஓரங்களை அரித்துப் பள்ளத்தைப் பெரிதாக்கும். காப்பகத்தில் படகுகளுக்கு மிதவைக் கட்டுகள் போட்டிருப்பது இதற்காகத்தான். இலையுதிர்காலத்துக்குப் பின் கரையில் அழுகிய குப்பைபோல் குவிந்து கிடப்பதும் இதே இலைகள்தான். நாறுகிறதே என்று பல ஊர்க் கடற்கரைகளில் அதை அள்ளிவிடுகிறார்கள். அள்ளினால் குளிர்காலப் புயலில் மணலைக் காக்க ஒன்றும் இருக்காது.

மணலில் குத்தி நிற்கும் பெரிய விசிறிச் சிப்பியைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். இன்று கிடைப்பது பெரும்பாலும் வெறும் ஓடுதான். 2016இல் ஸ்பெயின் கரையில் வெளிப்பட்ட ஓர் ஒட்டுண்ணி, ஓரிரு ஆண்டில் மத்தியதரைக் கடல் நெடுகப் பரவி அந்த இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டது. எல்லைக்கோடும் காவலும் நோயைத் தடுக்கவில்லை. ஓட்டையும் எடுக்கக் கூடாது. உயிரோடு நிற்கும் ஒன்றைப் பார்த்தால் தொடாமல் இடத்தைக் குறித்து காப்பகப் பணியாளரிடம் சொல்லுங்கள். எஞ்சியவை எங்கே என்பதுதான் இப்போது அவர்களுக்கு வேண்டிய தகவல்.

பாறைப் பக்கம் வந்தால் இயக்கம் அதிகம். கரும்பழுப்பில் கத்தரிவால் கொண்ட சிறு மீன் கூட்டம் நீர் நடுவே தொங்கும்; ஆகஸ்ட் கடைசியிலிருந்து அதன் குஞ்சுகள் மின்னும் நீலத்தில் பாறை இடுக்குகளை நிரப்பும். ஒரு பொந்தின் வாசலில் காலிச் சிப்பிகளும் கற்களும் சுத்தமாக அடுக்கியிருந்தால் உள்ளே பேய்க்கணவாய் இருக்கிறது. விரலை நீட்ட வேண்டாம், இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் மிதந்தால் அதுவே எட்டிப் பார்க்கும். கடல் முள்ளிகளையும் கவனியுங்கள். வெட்டவெளியில் பெரியவை நிறைய இருந்து, பாறை மொட்டையாக இருந்தால், அவற்றைத் தின்னும் சார்கு மீன்கள் அங்கே குறைவு. முள்ளிகள் இடுக்குகளில் பதுங்கி, பாறை பாசியால் போர்த்தியிருந்தால் மீன்கள் காவல் காக்கின்றன. காப்பு வேலை செய்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லும் அளவுகோல் இது.

ரொட்டித் துண்டு போட்டு மீன் கூட்டுவது, கல்லைப் புரட்டுவது இரண்டும் கூடாது. புரட்டிய கல்லின் அடிப்பக்கத்தில் வெயிலே காணாத கடற்பஞ்சுகள் இருக்கும்; திரும்பவும் அதேபோல் வைக்காவிட்டால் இரு பக்கமும் சாகும்.

ஆழத்தில் செம்பவளம்

அதற்குக் கீழே போக காற்றுக் கலனும் பயிற்சிச் சான்றும் வேண்டும். பன்யூல்ஸிலும் செர்பேரிலும் உள்ள மூழ்கு மையங்களோடு போவதே முறை. கேப் லாபேய் முனைதான் பெரும்பாலும் இலக்கு. இருபது மீட்டரைத் தாண்டியதும் வெளிச்சம் மங்கி, சுண்ணாம்புப் பாசிகள் கட்டிய மேடுகளும், கடல் விசிறிகளும், பாறைக் கூரைகளின் அடியில் செம்பவளமும் வரும்.

முதல்முறை பார்ப்பவருக்குச் செம்பவளம் செம்மையாகத் தெரியாது. சிவப்பு ஒளியை நீர் முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சிவிடுகிறது. இருபது மீட்டரில் அது கருநீலக் குச்சிதான். விளக்கைத் திருப்பியதும் பற்றிக்கொண்டதுபோல் சிவந்து, மேலே வெண்ணிறப் பூப்பூவாக விரிந்திருக்கும் பவளச் சிற்றுயிர்களும் தெரியும். நம் நவமணிகளில் ஒன்றான பவளம் இதுவே. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழிப் பயணக் குறிப்பை எழுதிய கிரேக்க வணிகர் முசிறித் துறையில் இறங்கும் சரக்குகளில் மத்தியதரைப் பவளத்தையும் சேர்த்திருக்கிறார். பதிலுக்கு ஏறியது மிளகு. தண்டின் குறுக்களவு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஒரு பகுதிதான் பருக்கும். மோதிரத்தில் பதிக்கும் அளவு மணி ஒன்றுக்குப் பல பத்தாண்டு வளர்ச்சி வேண்டும்.

இங்கே சேதம் செய்வது பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை, கெட்ட மிதப்பு. எடை அதிகமாகக் கட்டியவர் கால் தொங்க, துடுப்பால் கீழே அடித்தபடி நகர்வார். ஒவ்வொரு அடியும் ஒரு விசிறியை வளைக்கும் அல்லது மணலைக் கிளப்பி அதன் வாய்களை அடைக்கும். ஈயத்தை ஒரு கிலோ குறைத்து, உடலைப் படுக்கைவாட்டில் வைத்து, தவளைக் கால் அடியில் நகர்வது தீர்வு. தொங்கும் அளவுமானியையும் மாற்றுச் சுவாசக் குழாயையும் மார்போடு மாட்டிக்கொள்ள வேண்டும். குகைக் கூரைக்கு அடியில் மூச்சுவிட்டால் காற்றுக்குமிழ்கள் கூரையில் தேங்கி, அங்கே ஒட்டியிருக்கும் உயிர்களை உலர்த்திக் கொல்லும்; அதனால் வெளியே நின்று விளக்கடித்துப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டும்.

கடல் விசிறிகளில் ஒரு பக்கம் உயிரும் மறுபக்கம் வெறும் கருங்குச்சியுமாக நிற்பவை இப்போது அடிக்கடி கண்ணில் படும். 1999, 2003, 2022 கோடைகளின் கடல் வெப்ப அலைகள் மேற்கு மத்தியதரைக் கடலில் இவற்றைப் பெருமளவில் கொன்றன. ட்ராமோன்தான் அடிக்கடி குளிர்நீரைக் கொண்டுவரும் இந்தக் கரைக்கு அந்த வகையில் சிறு அனுகூலம் உண்டு. நீந்துபவரை நடுங்க வைக்கும் அதே குளிர் பவளத்துக்குச் சுவாசம்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் செப்டம்பரில் வாருங்கள். நீர் இன்னும் சூடு, கூட்டம் குறைவு, குஞ்சு மீன்கள் ஏராளம். ஆனால் அப்போது நீரடிப் பாதையின் பலகைகள் இருக்காது. விடியலில் பன்யூல்ஸில் தொடங்கி, ரெதெரிஸ் மேட்டில் வெயில் ஏறிய பின் கடலைப் பார்த்து, பெய்ரஃபித்தில் முற்பகலிலேயே நீந்தி முடிப்பது நல்லது. நீந்தியபின் உப்போடு நடந்தால் தொடை உரசிப் புண்ணாகும். அரை லிட்டர் நன்னீரைக் கழுவுவதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நடை செர்பேர் வரை. சின்ன ஊருக்குப் பொருந்தாத அளவில் பெரிய ரயில் நிலையம் எதிரே வரும். ஸ்பெயினின் தண்டவாளம் பிரான்ஸினுடையதைவிட அகலம் என்பதால் ஒரு காலத்தில் ஒவ்வொரு வண்டியின் ஆரஞ்சும் இங்கே பெண்களின் கூடையில் மாறி ஏறியது. 1906இல் அவர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்த இடமும் இதுதான். பன்யூல்ஸுக்குத் திரும்பும் ரயில் சில நிமிடங்களில் கொண்டுபோய் விட்டுவிடும். எண்ணிக்கை குறைவு என்பதால் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.